இரைப்பையில் ஆரம்பப் புற்று: ரோபோவா, லப்ரஸ்கோப்பியா, வெட்டாமலே எடுப்பதா?

கரவெட்டியில் ஒருவருக்கு இரைப்பையில் புற்று என்று தெரியவந்தால், அன்றிரவே ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணை, காசைப் பற்றி யோசியாதேங்கோ. சென்னைக்குக் கொண்டுபோய் ரோபோவில செய்வியுங்கோ." சொல்பவர்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அவசரத்தில் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வயிற்றை வெட்டத்தான் வேண்டுமா? வெட்டுவதென்றால், ரோபோவால் எவ்வளவு கூடுதல் நன்மை? காணியை ஈடு வைக்குமுன் இவற்றுக்குப் பதில் வேண்டும்.

இரைப்பைச் சுவரின் உட்சவ்விலோ அதற்கு அடுத்த படையிலோ நின்றுவிட்ட புற்றைத்தான் ஆரம்பப் புற்று என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலேயே பெரிய வேறுபாடு உண்டு. உட்சவ்வோடு நின்றால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பது நூற்றில் ஓரிருவருக்குத்தான். அடுத்த படைக்குள் இறங்கிவிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பரவியிருக்கும். ஆகவே எந்த மெஷின் என்று யோசிக்குமுன் ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள்.

உட்சவ்வில் மட்டும், 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், புண்ணாகாமல், கலங்களும் மூர்க்கமில்லாத வகையாக இருந்தால் சத்திரசிகிச்சையே தேவைப்படாது. வாய் வழியாக விடும் கமராக் குழாயினாலேயே எடுத்துவிடலாம். புற்று உள்ள இடத்தின் அடியில் ஊசியால் திரவம் ஏற்றிச் சவ்வை உப்பவைப்பார்கள். பிறகு குழாயின் நுனியிலுள்ள சிறு மின்கத்தியால் சுற்றிவர வெட்டி, ஒரே துண்டாக உரித்தெடுப்பார்கள். ஜப்பானியர் வளர்த்தெடுத்த முறை இது. இரைப்பை முழுதாக மிஞ்சும். எடுத்த துண்டைச் சோதிக்கும்போது ஆழமாக இறங்கியிருப்பது தெரிந்தால், அதன் பிறகும் சத்திரசிகிச்சை செய்ய முடியும். இரத்தப் பெருக்கும் சுவரில் ஓட்டை விழுவதும் நேரக்கூடியவை என்பதால், இதை அடிக்கடி செய்யும் கையிடம்தான் போகவேண்டும். என்னைக் கேட்டால், சென்னைக்குப் போவதற்கு நல்ல காரணம் ரோபோவைவிட இதுதான். மருத்துவரிடம் முதலில் கேட்கவேண்டியதும் இதையே: "டொக்டர், இதைக் கமராவாலேயே எடுக்கேலாதோ?"

முடியாது என்றால் மூன்று வழிகள் உண்டு: வயிற்றைத் திறந்து செய்வது, சிறு துளைகள் வழியே கமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லப்ரஸ்கோப்பி, ரோபோ. மூன்றிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றி, கணுக்களைத் துப்புரவாக எடுத்து, மிஞ்சிய இரைப்பையையோ உணவுக்குழாயையோ குடலோடு பொருத்துவார்கள். கொரியாவில் 1,416 பேரை வைத்துத் திறந்த முறையையும் லப்ரஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தவர்கள் முறையே 93.3 வீதம், 94.2 வீதம். லப்ரஸ்கோப்பியில் காயச் சிக்கல்கள் குறைவு. ஆயுளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

ரோபோ தானாக வெட்டுவதில்லை. சில அடி தள்ளி ஒரு மேசையில் அமர்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி சத்திரசிகிச்சை நிபுணரே அதன் கைகளை இயக்குகிறார். இரைப்பைப் புற்றில் அது உண்மையாக உதவும் இடம் கணையத்தின் மேல்விளிம்பு. கணுக்கள் அங்கே இரத்தக் குழாய்களோடு ஒட்டிக்கிடக்கும். லப்ரஸ்கோப்பியின் கருவி நேர்க்கம்பி. அந்த மூலைக்குப் போகக் கணையத்தை அழுத்தவேண்டி வரும், அழுத்தினால் கணையநீர் கசியலாம். ரோபோவின் நுனி மணிக்கட்டுப்போல் மடங்கும். அழுத்தாமலே வேலை முடியும்.

இனிக் கணக்கு. கொரியாவில் 434 பேரிடம் லப்ரஸ்கோப்பியையும் ரோபோவையும் ஒப்பிட்டபோது சிக்கல்களில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் லப்ரஸ்கோப்பிக்கு 178 நிமிடம், ரோபோவுக்கு 221. செலவு முறையே 8,090 டொலர், 13,432 டொலர். பின்னர் ஜப்பானில் 241 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வில், வயிற்றுக்குள் கிருமித்தொற்று இரு முறைகளிலும் ஒத்தே இருந்தது. மொத்தச் சிக்கல்களோ லப்ரஸ்கோப்பியில் 19.7 வீதம், ரோபோவில் 8.8 வீதம். இது ரோபோவுக்குச் சார்பான நல்ல சான்று. ஆனால் செய்தவர்கள் கைதேர்ந்த ஜப்பானிய நிபுணர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

என் முடிவு இது. முழு இரைப்பையையும் அகற்றவேண்டிய நிலை, பருத்த உடம்பு, இரைப்பைப் புற்றிலேயே ரோபோ பழகிய நிபுணர், கையில் கடன்படாத காசு, இவை கூடிவந்தால் ரோபோவுக்குப் போகலாம். சென்னையில் தனியார் மருத்துவமனைகளோடு, 2022 முதல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் ரோபோ இருக்கிறது. மற்றவர்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இரைப்பைச் சத்திரசிகிச்சையில் தேர்ந்தவரிடம், திறந்தோ லப்ரஸ்கோப்பியிலோ செய்வதால் ஆயுளில் எதையும் இழக்கப்போவதில்லை. எங்கே போனாலும், "ஆண்டுக்கு எத்தனை இரைப்பை செய்கிறீர்கள், எத்தனை பேருக்குப் பொருத்து விட்டுக் கசிந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பலாலியிலிருந்து பறப்பதென்றால் அறிக்கையின் போட்டோப் பிரதி மட்டும் போதாது. சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் சி.ரி. ஸ்கான் இறுவட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலங்களின் வகையையும் பரவலையும் மறுபடி பார்க்க அவைதான் உதவும். பொருத்திய இடம் கசிவதானால் பெரும்பாலும் முதற் பத்து நாளுக்குள் கசியும். ஆகவே ஒப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட கையோடு ரிக்கெற் போடாதீர்கள். அறை வாடகையையும் கூட நிற்பவரின் சாப்பாட்டையும் செலவில் சேருங்கள். இங்கே செய்தால் அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் வெட்டியவரே வந்து பார்ப்பார். அதுவும் ஒரு பெறுமதிதான்.

வீட்டில் சமைப்பவருக்கும் சில சொல்லவேண்டும். ஒரு கோப்பை புட்டை ஒரே இருப்பில் சாப்பிட்டவர் இனி அதை மூன்று தரமாகப் பிரித்துச் சாப்பிடவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் அதிகம் வேண்டாம். இனிப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால் வியர்த்துப் படபடக்கும். நார் மிகுந்த பனங்கிழங்கை ஆரம்பத்தில் தள்ளிவையுங்கள். மிஞ்சிய இரைப்பையில் திரண்டு அடைக்கலாம். இரைப்பை முழுவதும் போனவருக்கு ஆயுள் முழுக்க வைற்றமின் பி12 தேவை. உடம்பில் இருப்பு இருப்பதால் குறைபாடு சில ஆண்டுகள் கழித்தே தெரியும். அதற்குள் பலர் ஊசியை மறந்துவிடுகிறார்கள். கிளினிக் கொப்பியின் முன்மட்டையிலேயே எழுதிவையுங்கள்.

கமராவால் எடுத்தவர்கள் ஹெலிக்கோபக்டர் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மருந்தெடுக்கவேண்டும். 2018இல் வெளிவந்த கொரிய ஆய்வில், மருந்தெடுத்தவர்களில் 7.2 வீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 13.4 வீதத்தினருக்கும் புதிதாகப் புற்று வந்தது. மருந்தெடுத்தாலும் ஆண்டுதோறும் கமராப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.