மடூல்சீமை இலையும் மீரியபெத்தை மண்ணும்

ஆராய்ச்சி என்றால் கொழும்பிலோ பேராதனையிலோ, இல்லையென்றால் கடல் கடந்த தேசத்திலோ நடக்கும் காரியம். பதுளை மலைக்கும் லயத்து வாழ்க்கைக்கும் அதில் பங்கு கிடையாது. இந்த எண்ணம் எங்கள் தோட்டப்புறங்களில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் "டொக்டராக வருவாயா?" என்று கேட்போம். ஆய்வாளராக வருவாயா என்று கேட்ட ஆளை நான் இன்னும் காணவில்லை. ஆனால் பயிர்நோய் பற்றிய அறிவு உலகத்தில் வளர்ந்த வரலாற்றை யார் எழுதினாலும், பசறைக்கு அப்பால் மலை மடிப்பில் கிடக்கும் மடூல்சீமையின் பெயரை எழுதாமல் கடக்க முடியாது.

1869ஆம் ஆண்டு மடூல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தின் சிறு பகுதியில் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. அந்த இலைகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸின் கைக்குப் போயின. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த பூஞ்சண அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில், ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயரோடு அந்தப் பூஞ்சணம் அச்சேறியது. 1970இல் பிரேசிலைத் தொட்டு, இன்றைக்கும் கோப்பி நாடுகளை எல்லாம் அச்சுறுத்தும் துருநோய் அதுதான்.

இந்தக் கதையைச் சுற்றி நம்மிடையே சில உறுதியான நம்பிக்கைகள் உண்டு. நோய் வந்து கோப்பி ஒரேயடியாகச் செத்தது, அதற்குப் பிறகுதான் தேயிலை வந்தது, நம் முப்பாட்டன்மார் அந்தத் தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில்கூடக் கேட்கிறோம். வரிசை முழுவதும் பிழை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். துருநோய் கண்ணில் பட்டது அதற்கு இரண்டு வருசம் கழித்து. கோப்பியும் உடனே சாகவில்லை. விளைச்சல் குறையக் குறைய விலை ஏறியதால் துரைமார் பயப்படாமல் புதுக் காடுகளை வெட்டினார்கள். 1878 அளவில் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியிருந்தது. நோய் நுழைந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகுதான் அந்த உச்சம். வீழ்ச்சி அதன் பின்னர் வந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது, கூலி கிடைக்காமல் ஏராளமானோர் தமிழகத்துக்குத் திரும்பினார்கள். நடுவில் சிங்கோனாப் பட்டையில் பணம் பார்க்க ஓடி, எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடியதால் அதன் விலையும் விழுந்தது. தேயிலை மலையை முழுதாகப் பிடித்தது இத்தனைக்கும் பிறகு.

முன்னோர் விசயத்தில் ஆவணம் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. மலையகம் முழுக்கத் தெரிந்த ஒரு நாட்டார் பாட்டு, கோப்பிக் கன்று நட்ட மலையையும் அங்கே அண்ணனைப் பறிகொடுத்த துயரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தேயிலை அதில் இல்லை. பாட்டுச் சேகரிப்பது பொழுதுபோக்கு, ஆய்வகத்தில் செய்வதுதான் ஆய்வு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதி வைத்த பாடல்கள், கங்காணிச் செலவுக் கணக்கும் துரைமார் நாட்குறிப்பும் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் சாட்சிகள். கோப்பிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பருவத்துக்கு நடந்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் திரும்பியவர்கள். வருசம் முழுக்கக் கொழுந்து கொடுக்கும் தேயிலைதான் குடும்பத்தோடு இங்கேயே தங்க வைத்தது. அப்படிப் பார்த்தால், நாம் இந்த மண்ணில் வேரூன்றிய விதத்தில் மடூல்சீமை இலைக்கும் ஒரு பங்கிருக்கிறது.

நோய் முற்றிய பிறகு, 1880இல், ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்தது. வயது இருபத்தாறைத் தாண்டவில்லை. மண் களைத்துவிட்டது, பசளை போதவில்லை, காலநிலை கெட்டுவிட்டது என்று துரைமார் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாக் காரணங்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அடுத்த வருசம் சரியாகிவிடும் என்று காத்திருக்க அவை இடம் கொடுத்தன. வோர்ட் கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். ஈர இலையில் விழும் வித்தி முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே புகுந்து, திசுவைத் தின்று, மறுபடி தூளாக வெளியேறுவதைப் படிப்படியாக நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதே அந்தப் பூஞ்சணத்துக்குப் பாதை போட்டது என்றும் சொன்னார்.

மருந்து மட்டும் அவரிடம் இல்லை. 1882இல் அவர் திரும்பியபோது தோட்டக்காரர்களுக்கு மிஞ்சியது ஏமாற்றம்தான். மருந்து தராத ஆய்வு வீண் ஆய்வு என்ற நம்பிக்கை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சணத்தை மேலே தூவுவதால் அழிக்க முடியாது, புகுமுன் இலையைக் காக்க வேண்டும் என்பதை வோர்ட் தெளிவாக்கியிருந்தார். அந்தப் பாதுகாப்பைச் செய்யக்கூடிய போர்டோ கலவை, செப்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தது, 1885இல் பிரான்ஸில் வெளிவந்தது. நமது கோப்பிக்கு அது பிந்திப்போனது. ஆனால் 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது, செப்பு மருந்தை இலைக்கு முன்கூட்டியே அடிக்கும் அறிவு தயாராக இருந்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இருந்தது. ஒரு தலைமுறையில் தோற்றதாகத் தெரிந்த ஆய்வு இன்னொரு தலைமுறையின் சோற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

ஊவாத் தேயிலையின் மணம் பற்றிய நம்பிக்கை இவ்வளவு பாரமானது இல்லை. ஆளைக் கெடுப்பதும் இல்லை. தோட்டங்களைச் சுற்றி நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களின் எண்ணெய் காற்றில் வந்து கொழுந்தில் ஏறுவதாகச் சொல்வார்கள். அந்த மணத்துக்கு முக்கிய காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற சேர்மம். மூட்டுவலித் தைலத்தில் வருவது அதே வாசனைதான். தேயிலைச் செடி தன் இலைக்குள்ளேயே அதை உண்டாக்குகிறது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்து, யூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. அந்தக் காற்றில் வாடி, மெதுவாக வளரும் கொழுந்தில் மணப்பொருட்கள் செறிகின்றன. ஜப்பானிய வேதியியலாளர் தெய் யமனிஷி முதலானோர் 1960களிலேயே ஊவாத் தேயிலையின் மணக்கூறுகளைப் பிரித்தளந்தார்கள். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே உள்ளது. கொழுந்து பறிக்கும் அம்மாவின் பிள்ளை, அந்தக் கொழுந்தின் வேதியியலைப் பதுளையிலேயே படிக்கலாம்.

அடுத்தது ஆளைக் கெடுத்த நம்பிக்கை. தோட்டத்து ஆட்கள் சோம்பேறிகள், பிரட்டுக்களத்துக்கே தூங்கி வழிந்து வருவார்கள் என்று துரைமார் நூறு வருசம் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நம்மவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். பரிசோதித்த தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் குடலில் புழு இருந்தது. மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே ஏறி, குடலில் தொற்றி இரத்தம் குடிக்கும் புழு அது. மருந்து கொடுப்பதைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்றன. மலசலகூடம் கட்டுவதற்குச் செலவு என்றதும் பின்வாங்கின. கட்டாவிட்டால் புழு திரும்ப வரும் என்பது தெரிந்தும் அப்படித்தான் நடந்தது. சோம்பேறித்தனம் என்ற விளக்கம் யாருடைய பணப்பெட்டியைக் காத்தது என்று பார்த்தால், அது ஏன் அத்தனை காலம் உயிரோடிருந்தது என்பது விளங்கும்.

1979இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எட்ஜர்டனும் இலங்கை ஆய்வாளர் உள்ளிட்ட அவரது குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றியது. இரத்தசோகை உள்ள ஒரு பகுதியினருக்கு இரும்புச் சத்தும், மற்றவர்களுக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, பறித்த கொழுந்தை முன்னும் பின்னும் நிறுத்தார்கள். மருந்து சாப்பிடுகிறோம் என்ற தெம்பிலேயே வேலை கூடியிருக்கலாம் அல்லவா. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் வெறும் மாத்திரை. ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிகவும் வெளுத்துப்போன பெண்களிடம் முன்னேற்றம் அதிகம். மூன்று வாரத்தில் அன்றாட நடமாட்டமே கூடியது. பெண்ணுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். அதில் பாதியோடு மலை ஏறி, கூடையைத் தலையில் மாட்டி, வீட்டுக்கு வந்து அடுப்பும் மூட்டிய பெண்ணைச் சோம்பேறி என்று சொன்ன வாய்கள் எத்தனை. அவளுடைய களைப்பைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது என்பதில் எனக்குத் தீராத மனவருத்தம் உண்டு.

இதோடு ஒட்டிய ஒரு வீட்டு நம்பிக்கை: தேத்தண்ணி குடித்தால் சாப்பாடு செரிக்கும், சாப்பாட்டோடு குடித்தால் தெம்பு. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்தது வேறு. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பாணிலும் சோற்றுச் சாப்பாட்டிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. உடலில் சேர வேண்டியது சேராமல் போகிறது. பால் ஊற்றினாலும் இதைப் பெரிதாகத் தவிர்க்க முடியாது. தேத்தண்ணியை விட வேண்டாம். ரொட்டி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடித்தால் பாதிப்புக் குறையும். கீரையில், பருப்பில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாக ஏறும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு வில்லையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள். இரத்தம் சோதிக்காமல் தானாக வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. வெளுப்புக்குத் தலசீமியா காரணமாக இருந்தால் இரும்பே கெடுதல் செய்யும்.

கடைசியாக, என்னை அதிகம் உறுத்தும் நம்பிக்கை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் மண்ணுக்குள் போனார்கள். விதி, மலைக்கோபம் என்று சிலர் சொன்னார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கத் தொடங்கியது 1990களின் ஆரம்பத்திலேயே. மீரியபெத்தை ஆபத்தான இடம், மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அது எச்சரித்திருந்தது. முன்னொரு காலத்தில் சரிந்து குவிந்த தளர் மண்ணின் மேல் லயங்கள் நின்றன. ஒருமுறை சரிந்த இடம் மறுபடி சரியாது என்ற பேச்சும் இங்கே பொய்யாகிறது. பழைய சரிவு மண்தான் தண்ணீர் ஏறினால் முதலில் நகரும்.

எச்சரித்தும் அவர்கள் போகவில்லையே என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. எங்கே போவது? காணி தோட்டத்துடையது, வீடு தோட்டத்துடையது, வேலையும் தண்ணீரும் பிள்ளைக்குப் பாடசாலையும் அந்த வட்டத்துக்குள். மாற்று நிலம் கொடுக்காமல் கையில் கொடுக்கும் எச்சரிக்கைக் கடிதத்தை வைத்து ஒரு குடும்பம் மழையில் எந்தக் கூரைக்குக் கீழ் நிற்கும்? ஆய்வாளர் தன் வேலையைச் செய்திருந்தார். அதைக் காணியாகவும் வீடாகவும் மாற்ற வேண்டிய கைகள்தான் ஒன்பது வருசம் அசையவில்லை. ஆய்வறிக்கை வந்துவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பியிருப்பதும் இன்னொரு மூடநம்பிக்கையே.

ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாவில் மழை பலமாக இருக்கும். அபாய வலயத்தில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. ஒரு சாதாரண மழைமானியும் அதைக் காலை மாலை பார்த்து எழுத ஒரு பிள்ளையும் இருந்தால் ஒவ்வொரு லயத்துக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து வரும் மரங்கள், இல்லாத இடத்தில் ஊற்று, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு ஜன்னல் இறுகுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மானியைப் பார்க்கக் காத்திருக்காமல் அங்கிருந்து விலகி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.