குட்டை மாடு வாங்குமுன்

சிறு வீட்டுக்குச் சிறு மாடு போதும் என்னும் எண்ணம் நம் அங்கத்தினர் சிலரிடம் வலுத்து வருகிறது. 2024-ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீவனம் அளிக்கும் படங்கள் வெளிவந்தபின், அவ்வினத்தைக் கேட்போர் தொகை பெருகிற்று. நெடுமயிர் தொங்கும் சீமைக் குட்டை மாடுகளின் படங்களைக் கண்டு, அவை இங்கே வளருமா என்று வினவுவோரும் உளர். ஆகவே இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சீமை மாட்டைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் மாடு குளிர்ந்த மலைப் பிரதேசத்துக்கு உரியது. உள்ளே மெத்தென்ற குறுமயிர், வெளியே மழைநீர் வழிந்தோடும் நெடுமயிர் என இரட்டைப் போர்வை அதற்கு உண்டு. அதன் சிற்றுருவை அமெரிக்காவில் விரும்பி வளர்க்கின்றனர். மூன்று வயதில் 42 அங்குல உயரத்துக்கு உட்பட்டவற்றையே பெரும்பாலும் குட்டை என்கின்றனர். சித்திரை வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேரும் இராயபுரத்தில் அப்பிராணியைக் கட்டிவைப்பது, கம்பளி போர்த்தி அடுப்பருகே உட்காரவைப்பதற்கு ஒப்பாகும். நமக்கு அது வேண்டாம்.

ஆயினும் அதன் இனவிருத்தியில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. மாட்டைக் குட்டையாக்க இரு வழிகள் உள்ளன. சிறியதோடு சிறியதைச் சேர்த்துப் பல தலைமுறை தெரிந்தெடுப்பது ஒன்று. இதற்குக் காலம் பிடிக்கும். கால் குட்டையான வேறோர் இனத்தைக் கலந்து விரைவில் பலன் காண்பது மற்றொன்று. அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடு அவ்வகைக் கலப்புக்குப் பயன்படுவது. டெக்ஸ்டரில் சில மாடுகளின் குட்டைக் கால், எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு மரபணுக் குறையால் வருகிறது. அக்குறை தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கன்று குட்டையாகப் பிறந்து நன்றாகவே வாழும். இருவரிடமிருந்தும் வந்தாலோ உருக்குலைந்து, பெரும்பாலும் மாதம் நிறையுமுன்னரே செத்து விழும். குறையுள்ள பசுவைக் குறையுள்ள காளையோடு சேர்த்தால் சராசரி நான்கு கன்றில் ஒன்று இவ்வாறு போகும். இரண்டு குட்டைக் கால், ஒன்று சாதாரணம். குறையற்ற காளையோடு சேர்த்தால் பாதி குட்டையாகும். இக்குறையால் சாவு நேராது. மயிர்வேரையோ இரத்தத்தையோ பரிசோதித்து இன்று இதனை முன்கூட்டியே அறியலாம். அழகுக்காக வாங்குவோர் இதைக் கேட்பதில்லை என்பதே வருந்தத்தக்கது.

நம் நாட்டுக் குட்டை இனங்கள் அங்கமெல்லாம் அளவொத்துச் சிறுத்தவை. நமக்கு அண்மையில், ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டப் பகுதியில் தோன்றியது புங்கனூர். பலமநேரி கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணி வருகிறது. உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர் வரை என்பர். கேரளத்தில் வைக்கம் அருகே வெச்சூர் என்னும் ஊரின் பெயர் கொண்டது மற்றோர் இனம். உயரம் ஏறக்குறைய 87 சென்டிமீட்டர், எடை 130 கிலோ. 1961-இல் கேரளத்தில் வந்த கால்நடை அபிவிருத்திச் சட்டம் உரிமம் பெறாத காளைகளை வைத்திருக்கத் தடை விதித்தது. கலப்பினம் பரவிற்று, வெச்சூர் அருகி மறையும் நிலைக்கு வந்தது. 1989 முதல் டாக்டர் சோசம்மா ஐப்பும் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களும் எஞ்சிய சிலவற்றைத் தேடிச் சேர்த்தே அவ்வினத்தை மீட்டனர். காளை போனால் இனம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி வாங்கும் முறை. விற்பவன் காட்டும் உயரத்தை நம்பாமல் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பால்பற்கள் விழுந்து முதல் இணைப் பல் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கும். எட்டுப் பல்லும் சேர நான்கு ஐந்து ஆண்டு செல்லும். பல் போடாத கிடாரியின் உயரத்தைக் கொண்டு எதையும் முடிவு கட்ட இயலாது. கலப்பினக் கன்றைக் குட்டை இனம் என்று சொல்லி விற்றுவிட்டால், வாங்கியவர் கொட்டகையில் அது வளர்ந்துகொண்டே போகும்.

மற்றொரு மோசம், பட்டினியால் வளர்ச்சி குன்றிய மாடு. உடலுக்கு ஒவ்வாத பெருந்தலை, தொங்கும் வயிறு, சொரசொரப்பான மயிர் ஆகியவை அதற்கு அடையாளம். பட்டினி இரத்தத்தில் இறங்குவதில்லை. அதன் கன்று நல்ல தீவனம் கண்டால் இனத்தின் அளவுக்கே வளரும். கூடுமாயின் தாயையும், பிறந்த கன்றுகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவனிடம் வாங்காதிருப்பதே நலம்.

வரவு செலவையும் கணக்கிட வேண்டும். 150 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிலோ உலர்தீவனச் சத்துப் போதும். 400 கிலோ கலப்பினப் பசுவுக்கு 10 கிலோ வேண்டும். ஆனால் குட்டை மாடு தருவது நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் பாலே. வீட்டுக் குழந்தைகளுக்குப் பால், தோட்டத்துக்குச் சாணம் என்றால் அது தக்கது. பால் விற்றுக் கடன் அடைக்க எண்ணுவோர் அதன்மேல் பெரும்பணம் போடுதல் கூடாது.

தீவனத்தில் நம் வட்டாரத்துக்கென்று தனி எச்சரிக்கை உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதை யாவரும் அறிவர். ஆற்றோரப் புல்லையும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த புல்லையும் அறுத்துப் போடாதீர்கள். நெசவாளர் வீடுகளில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை மாட்டுக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; அதில் மயில்துத்தம் கலந்திருந்தால் நஞ்சாகும். வெறும் சோற்றுக் கஞ்சியும் மிகுந்தால் வயிற்றில் புளித்து மாட்டைச் சாய்த்துவிடும். சிறு மாட்டுக்குச் சிறிதளவே மிகுதி. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டபடியால், மாட்டைத் தெருவில் மேயவிட்டால் பிடித்துச் செல்வர், அபராதமும் உண்டு. கொட்டகைக்கு இடமில்லாதவர் வாங்கவேண்டா.

எல்லாவற்றிலும் முக்கியம் சினைப்படுத்தல். குட்டைப் பசு பருவத்துக்கு வந்ததும், கிடைத்த ஊசியைப் போட்டால் போதும் என்று ஜெர்சி விந்தைச் செலுத்திவிடுவோர் உண்டு. கன்று கருவிலேயே பெரிதாகி, இடுப்பெலும்பு சிறுத்த தாயால் ஈன முடியாமற் போகலாம். தாயும் கன்றும் ஒருசேர மடிவதற்கு இது ஒன்றே போதும். எந்த இன விந்து என்று மருத்துவரைக் கேட்டு, அதன் எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஈற்று முட்டினால் கைவைத்தியத்தில் காலம் கழிக்காமல் அருகிலுள்ள மருந்தகத்துக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே சொல்லியனுப்புங்கள்.

அதே இனத்துக் காளை தனியொருவர் வைத்துக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு அங்கத்தினர் சேர்ந்து ஒன்றை வைக்கலாம். தீவனச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தன் கிடாரிகளே பருவத்துக்கு வருமுன், ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில், அக்காளையை வேறூர்க் காளையோடு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்னும் பதிவேடு ஒருவர் கையில் ஒழுங்காக இருத்தல் அவசியம். மாற்றும்போது அதன் நகலும் காளையோடு போக வேண்டும்.