குமரப் பருவமும் தோழமையும்

நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50 முதல் 70 வரை அமைந்து, அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறை காணப்படுமாயின், அந்நிலை இலேசான அறிவுசார் குறைபாடு எனப்படும். அறிவுசார் குறைபாடு உடையோருள் பெரும்பான்மையோர் இவ்வகையினரே. இவர்கள் பேசுவர், எளிய நூல்களைப் படிப்பர், தக்க பயிற்சி பெற்றால் தொழிலும் செய்வர். ஆயினும் குமரப் பருவத்தில் இவர்களுள் பலர் தோழமையின்றித் தனித்து விடப்படுகின்றனர். இதன் காரணம் யாது?

ஏழு வயதுச் சிறுவர்க்கு நட்பென்பது விளையாட்டே. உடன் ஓடத் தெரிந்தால் போதும். பதின்மூன்று, பதினான்கு வயதிலோ நட்பு பேச்சைச் சார்ந்து நிற்கிறது. கேலி, குறிப்பு மொழி, இரகசியம், பிறர் மனநிலையை முகத்தில் அறிதல் ஆகியவை இன்றியமையாதன ஆகின்றன. விரைந்து செல்லும் அப்பேச்சைப் பின்தொடர இயலாதவர் பின்தங்குகிறார். ஒத்த வயதினர் விலகுவது எப்போதும் பகைமையால் அன்று; பொறுமையின்மையாலும் ஆகும்.

ஒதுக்கப்படுவதை இவர்கள் நன்கு உணர்கின்றனர். அதனால் மனச்சோர்வு தோன்றலாம். தோழமைக்கு ஏங்குபவர், சிரித்துப் பேசுவோர் எவரையும் நண்பராகக் கொண்டு, பணத்தை இழக்கவும் பிறர் செய்த குற்றத்தைத் தாம் ஏற்கவும் நேரிடலாம். இதற்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருப்பின், பழகும் திறன் மேலும் குன்றும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வியிலும் விளையாட்டிலும் இவர்கட்குச் சம வாய்ப்பு அளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரே வகுப்பில் அமர்த்துவதனால் மட்டும் நட்பு பிறவாது. மாறுபட்ட குழுவினரிடையே நல்லுறவு வளரச் சமநிலை, பொதுக் குறிக்கோள், கூட்டு முயற்சி, மேலோரின் ஆதரவு ஆகியவை வேண்டும் என உளநூலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எடுத்துரைத்தார். அக்கருத்து இங்கும் பொருந்தும். ஒருவர் என்றும் உதவுபவராகவும் மற்றவர் என்றும் உதவி பெறுபவராகவும் இருப்பின் அது தோழமையாகாது. பள்ளித் தோட்டத்தில் ஒருவர் பாத்தி அளக்க, மற்றவர் நாற்று நட, இருவர் உழைப்பாலும் பயிர் விளையுமாயின் அங்கே சமநிலை உண்டு. 1968-இல் சிகாகோ நகரில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கம், குறைபாடு உடையோரையும் இல்லாதோரையும் ஒரே அணியில் ஆடச் செய்வதும் இந்நோக்கம் பற்றியே.

பழகும் முறையையும் கற்பித்தல் வேண்டும். பேச்சில் கலந்துகொள்ளுதல், தம் முறைக்குக் காத்திருத்தல், தகாததை மறுத்தல் ஆகியவற்றை அறிவுரையாகக் கூறுவதினும் நடித்துக் காட்டிப் பயிற்றுவதே பயன் தரும். பின்னர்க் கடையிலும் ஆடுகளத்திலும் அவற்றைப் பழக்க வேண்டும். உடன் பயிலும் மாணாக்கரும் எளிய சொற்களில் பேசவும், விடைக்குச் சற்றுக் காத்திருக்கவும் கற்பாராக. நண்பர் பலர் வேண்டுவதில்லை. நிலையான ஒருவர் கிடைப்பினும் அந்த இளைஞரின் தனிமை பெரிதும் குறையும்.