'கூலி' என்ற சொல்லும் கோரிமேட்டுத் தெருவும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை)

முன்னுரை

பிறந்த நாட்டில் ஒரு பொருளும் புகுந்த நாட்டில் வேறொரு பொருளும் பெற்ற சொற்கள் சில உண்டு. அவற்றுள் 'கூலி' என்பது ஒன்று. நம் மொழியில் கூலி என்றால் உழைப்புக்குப் பெறும் ஊதியம். அதைக் கேட்பதில் இழிவு இல்லை. கொடுக்காமல் இருப்பதே இழிவு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றபோது அச்சொல்லும் உடன் சென்றது. அங்கே அது ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரைக் குறித்தது. பின்னர் ஓர் இனத்தையே குறித்தது. தோட்டத்தில் வேலை செய்தவரும் கூலி, கடை வைத்தவரும் கூலி, வழக்கறிஞரும் கூலி என்று ஆயிற்று.

புது ஊருக்குக் குடிபெயர்ந்த நம்மவர் இன வெறுப்பை எவ்வாறு எதிர்கொண்டனர்? எதைக் கொண்டு அதனை வென்றனர்? அந்த வரலாற்றிலிருந்து கோரிமேட்டில் வாழும் நாம் கற்க வேண்டியது என்ன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறத்தால் பிரிந்த நகரம்

வெளிநாடு செல்லுமுன் நம் ஊரையே முதலில் காண்போம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் கடலோரப் பகுதிக்கு 'வெள்ளையர் நகர்' என்றும், வாய்க்காலுக்கு மேற்கே இருந்த பகுதிக்குக் 'கறுப்பர் நகர்' என்றும் பெயர். நகரின் வரைபடத்திலேயே நிறம் எழுதப்பட்டிருந்தது. சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கு முழங்கிய நாடே இவ்வாறு செய்தது என்பது கருதத்தக்கது.

1873-ஆம் ஆண்டு பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியை அணிந்துகொண்டு புதுச்சேரி நீதிமன்றத்திற்குள் வாதாடச் சென்றார். இந்தியர் அவ்வாறு வருதல் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் அத்துடன் அடங்கிவிடவில்லை. பாரிசிலுள்ள மிக உயர்ந்த முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்று வெற்றி பெற்றார். ஒரு சோடிக் காலணிக்காகவா இத்தனை பாடு என்று இன்று சிலர் கேட்கலாம். வழக்கு காலணியைப் பற்றியதன்று. சட்டம் படித்த ஒருவரின் கால்களுக்குச் சட்டம் வேறு கணக்குப் போடலாமா என்பதைப் பற்றியது.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை வெளிவந்தது. அதன்படி, இந்தியர் தம் சாதி, சமய மரபுச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம். அவ்வாறு துறந்தோர் புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். அச்சொல்லுக்கு 'வாயில்' என்று பொருள். அந்த வாயில் வழியே பலர் சென்றனர். அவர்களுள் நம் சாதி அமைப்பால் ஒடுக்கப்பட்டவர்கள் நிறைய இருந்தனர். பழைய சட்டத்தில் அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே காரணம்.

ஆனால் வாயிலுக்கு அப்பால் இன்னொரு வாயில் மூடியிருந்தது. 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறவாதவருக்கு ஒன்று. சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள், பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆயினும் ஐரோப்பியர் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

சைகோனில் கண்டது

பிரெஞ்சுக்காரர் 1859-இல் சைகோன் நகரைக் கைப்பற்றினர். அதன்பின் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் அங்கே சென்று காவலர், சிறைக்காவலர், வரி அலுவலர், எழுத்தர் எனப் பல பணிகளில் அமர்ந்தனர். இன்றும் புதுச்சேரியில் பழைய குடும்பங்களில் 'சைகோன் தாத்தா' ஒருவரைப் பற்றிய பேச்சு இருக்கும்.

அவர்களுள் பலர் துறந்தவர்கள்; எனவே சட்டப்படி பிரெஞ்சுக் குடிமக்கள். வாக்குரிமை உண்டு என்று வாதிட்டனர். ஐரோப்பிய அலுவலர் பெறும் சம்பளமும் படியும் தமக்கும் வேண்டும் என்று கேட்டனர். நிர்வாகமோ தயங்கியது. இவர்கள் பிறப்பால் ஐரோப்பியர் அல்லரே என்றது. ஆக, குடியுரிமைத் தாள் ஒன்று சொல்லிற்று. தோலின் நிறம் வேறொன்று சொல்லிற்று.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. சைகோனில் நம்மவர் அணிந்திருந்தது ஆள்பவரின் சீருடை. அந்நாட்டு மக்களிடம் வரி வாங்கிய கையும் அவர்களுடையதே. தமக்கு மேலே இருந்தவரிடம் சமத்துவம் கேட்டவர்கள் தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த வியட்நாம் மக்களுக்காகவும் அதைக் கேட்டிருந்தால் அவர்களுடைய வழக்கு இன்னும் உயர்ந்திருக்கும். வெறுப்பால் புண்பட்டவர் பிறரைப் புண்படுத்தமாட்டார் என்று உறுதி கூற முடியாது. இதைப் பின்னர் நம் தெருவைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ளல் வேண்டும்.

சிதம்பரம் என்ற பெயர்

சைகோன் சென்றவர் சம்பளக்காரர். அவர்களினும் ஏழைகள் மேற்கே சென்றனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியரைக் கொண்டு சென்றனர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853-இல் மர்த்தினீக் தீவையும், 1854 டிசம்பர் 24-ஆம் நாள் குவாதலூப் தீவையும் அடைந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். புதுச்சேரியும் காரைக்காலும் அக்கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்கள்.

அங்கே அவர்களை இருபுறமும் வெறுப்புச் சூழ்ந்தது. முதலாளிகள் அவர்களை எண்ணாகக் கண்டனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுட் பலரோ தம் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று கண்டனர். வஞ்சித்தவர் முதலாளி, பழி வந்தவர் தலையில். புதிதாக வருபவரைக் காட்டி ஊராரின் கூலியைக் குறைப்பதும், பின்னர் இருவரும் மோதுவதைப் பார்த்திருப்பதும் உலகெங்கும் நடப்பதே.

அத்தீவில் கப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863-இல் ஒப்பந்தத் தொழிலாளர் மரபில் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். 1904-ஆம் ஆண்டு, தீவிலேயே பிறந்த இந்திய வழியினரை வாக்காளராகப் பதிவு செய்ய அவர் முயன்றார். ஆளுநர் தரப்பு மறுத்தது. பெற்றோர் அயல்நாட்டுக் குடிகள், ஆகவே பிள்ளைகளும் அயலாரே என்பது அவர்கள் வாதம். இம்மண்ணில் பிறந்தவர் இந்நாட்டுச் சட்டப்படியே குடிமக்கள் என்பது சிதம்பரத்தின் வாதம். வழக்கு ஓராண்டில் முடியவில்லை, ஈராண்டில் முடியவில்லை. 1923-இல், பிரெஞ்சுத் தலைமையமைச்சர் புவாங்கரேயின் காலத்தில்தான் அவ்வுரிமை ஏற்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள்!

இங்கே என் சிந்தையைக் கவர்ந்தது ஒன்று உண்டு. பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' ஆனார். சிதம்பரம் சிதம்பரமாகவே இருந்தார். முன்னவர் பெயரை மாற்றியதில் தவறு காண்பது என் கருத்தன்று. சாதியைச் சுமந்த பெயரை இறக்கி வைப்பதும் ஒரு விடுதலையே. ஆயினும் இருவருடைய வாழ்வும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. வெறுப்பவர் நம் உடையைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ மனம் மாறுவதில்லை. அவரைப் போலவே நாம் ஆகிவிட்டாலும் புதிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிப்பார். வெறுப்பைப் பின்வாங்கச் செய்தது உரிமையும், அதை விடாமல் கேட்ட உறுதியுமே.

தென்னாப்பிரிக்கப் பாடம்

தென்னாப்பிரிக்க வரலாறு நாம் பள்ளியிலேயே படித்தது. ஆகவே சுருக்கமாகக் கூறுவேன். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து சென்ற 'த்ரூரோ' கப்பல் தர்பனை அடைந்தது. 1893 ஜூன் 7-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இளம் வழக்கறிஞர் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த பட்டம் 'கூலி பாரிஸ்டர்'. அடுத்த ஆண்டு, முதலாளியால் பல் உடைக்கப்பட்ட பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி தலைப்பாகையைக் கையில் பிடித்தவாறு அவரிடம் வந்தார். பிறரைத் தாழ்த்துவதில் மனிதர் எவ்வாறு பெருமை கொள்கின்றனர் என்று காந்தியடிகளை வியக்க வைத்த நிகழ்ச்சி அது. காரைக்காலுக்கு அருகேயுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் தம் 16-ஆம் வயதில் உயிர் நீத்தார். இன்று இக்கல்லூரியில் சேரும் மாணவியரை விட இளையவர்!

அறிவியல் கூறுவது

விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மக்களிடத்தும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறு. கடும் வெயில் அடிக்கும் நாடுகளில் கருநிறம் உடலைக் காக்கிறது. வெயில் குறைந்த நாடுகளில் வெளிர்நிறம் வைட்டமின் 'டி' உண்டாகத் துணை செய்கிறது. ஆகவே நிறம் என்பது முன்னோர் வாழ்ந்த இடத்து வெயிலின் கணக்கு. அறிவின் கணக்கோ ஒழுக்கத்தின் கணக்கோ அன்று.

1972-இல் ரிச்சர்டு லெவான்டின் என்னும் மரபியல் அறிஞர் பல நாட்டு மக்களின் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டார். மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கட் கூட்டத்திற்குள்ளேயே காணப்படுவதாகக் கணக்கிட்டார். 'இனம்' என்று நாம் பெரிதாகப் பேசும் வேறுபாட்டுக்கு எஞ்சியது மிகச் சிறு பங்கே. அறிவியல் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பின்னும் வெறுப்பு நீங்கவில்லை என்றால், அதன் வேர் இரத்தத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது என்பதே பொருள்.

கோரிமேட்டில் நாம்

கோரிமேடு ஓர் எல்லை ஊர். திண்டிவனம் சாலையில் சிறிது தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருப்பதால், இந்தியாவின் எல்லா மாநிலத்தாரும் இங்கு வருகின்றனர். படிக்க வருவோர், நோயாளியுடன் வருவோர், கட்டட வேலைக்கு வருவோர் எனப் பல திறத்தினர். எங்கள் குடும்பமும் வந்து குடியேறியதே. என் பெற்றோர் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து வீடு தேடியபோது, வாடகை எவ்வளவு என்று இவர்கள் கேட்குமுன் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று வீட்டுக்காரர்கள் கேட்டனராம். கடல் தாண்டினால் நிறம். ஊர் தாண்டினால் சாதி. கேள்வி ஒன்றே.

சென்ற ஆண்டு, மணிப்பூரிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் எங்கள் பகுதியில் அறை தேடி அலைந்தார். 'இவங்களுக்கெல்லாம் வீடு விடுறதில்லை' என்று ஒருவர் கதவைச் சாத்தினார். சிறுவர்கள் 'சைனா' என்று கூவினர். தம் நாட்டிலேயே அவர் அயல்நாட்டவர் ஆனார். இத்தகைய ஏளனம் எங்கே கொண்டு விடும் என்பதை நாடு அறியும். 2014 சனவரியில் தில்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியம் தம் தோற்றத்தைக் கேலி செய்தவர்களைத் தட்டிக் கேட்டதால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதன் பின்னரே வடகிழக்கு மக்களின் துயரை ஆராய மைய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது.

என் தாயார் மருத்துவமனைக்கு அருகே தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். கையெழுத்து மட்டும் போடக் கற்றவர். அந்தப் பெண் கடைக்கு வந்தபோது அவர் கேட்டது, 'உன் பேர் என்னம்மா?' என்பதே. அப்பெயர் எளிதில் வாயில் நுழையவில்லை. மூன்று முறை சொல்லச் சொல்லிப் பழகிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருவில் ஒரு பாட்டி தம் மாடி அறையைக் கொடுத்தார். இன்று தெருவே அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

கட்டட வேலைக்கு வந்துள்ள பீகார், ஒடிசாத் தொழிலாளரை நம்மில் பலர் 'வடக்கன்' என்கிறோம். அகராதிப்படி அச்சொல்லில் குற்றமில்லை. வடக்கே இருந்து வந்தவன் என்பதே பொருள். 'கூலி'யிலும் அகராதிப்படி குற்றமில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது. சொல்பவரின் குரலும், பெயரைக் கேட்க மறுக்கும் மனமுமே ஒரு சொல்லை நஞ்சாக்குகின்றன. நம் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று அவர்கள் மேல் கோபிப்போர், குறைந்த கூலி கொடுப்பவர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தல் நலம்.

முடிவுரை

நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு அரசு வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கிறது. 19-ஆம் பிரிவு இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. பொன்னுத்தம்பியும் சிதம்பரமும் பல்லாண்டு வழக்காடிப் பெற்றது நமக்கு ஏட்டிலேயே எழுதிக் கிடைத்திருக்கிறது. ஆனால் வாடகை வீட்டின் கதவைத் திறக்கும் வேலையைச் சட்டம் மட்டும் செய்துவிடாது. அது நம் கையில் உள்ளது.

மாணவ நண்பர்களே! அடுத்த ஆண்டும் நம் கல்லூரிக்கும் நம் தெருக்களுக்கும் புதியவர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில்லை என்று நாம் உறுதி கொள்வோம். பெயரைக் கேட்போம்; சரியாகச் சொல்லப் பழகுவோம்; அறை தேடுவோருடன் நாமும் ஒரு நாள் கூட நடப்போம். கணியன் பூங்குன்றனாரின் பாட்டை மேடைதோறும் முழங்கும் நமக்கு இது பெரிய வேலையன்று.