பேக்கேஜ் கட்டப் பழகும் பிள்ளைகளுக்கு

திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரி வட்டாரக் கல்லூரி லேப்களில் லினக்ஸைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் கண்ணுகளே, உங்களில் சிலர் லினக்ஸை முதலில் பார்த்தது அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் இருக்கும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தில் டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது அது. நான் சொல்லப்போவதும் டெபியன் வழிதான்.

1. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கருவி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பொய்யாகாமல் காப்பதுதான் உங்கள் முதல் வேலை. மூலநிரலை இறக்கி கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று வரிசையாக அடித்தால் மென்பொருள் ஓடத்தான் செய்யும். ஆனால் எதை எங்கே போட்டது என்று டிபிகேஜிக்குத் தெரியாது. உங்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு வருகிறவருக்கும் தெரியாது.

2. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் நல்ல பட்டறைக்காரர் கம்பெனி சேஸை வெட்ட மாட்டார். அதுபோலத்தான் யூஎஸ்ஆர் அடைவும் டெபியனுடையது, அதில் கை வைக்காதீர்கள். கையால் கட்டியே ஆக வேண்டியதை யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் வையுங்கள். அங்கேயும் ஒரு கண் இருக்கட்டும். நூலகக் கோப்புகளைத் தேடும்போது டெபியன் லோக்கலைத்தான் முதலில் பார்க்கும். என்றைக்கோ போட்ட பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் அதே பெயரில் அங்கே கிடந்தால், பேக்கேஜ்களை இறக்கி ஏற்றும் ஆப்ட் எத்தனை திருத்தம் ஏற்றினாலும் நிரல்கள் பழைய ஓட்டையோடுதான் ஓடும்.

3. கட்டாமல் தீருமா என்று முதலில் பாருங்கள். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் பதிப்பு எண் பழையதாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்பிலேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். புதிய வசதிதான் வேண்டுமென்றால் ஸ்டேபிளுக்கெனப் புதிய பதிப்புகளைக் கட்டித்தரும் பேக்போர்ட்ஸில் தேடுங்கள். அங்கும் இல்லாவிட்டால் டெபியனின் மூலப் பேக்கேஜை எடுத்து, பில்ட்-டெப் கொடுத்துத் தேவையானவற்றை நிறுவி, டெப் கோப்பாகவே கட்டுங்கள். அப்போது கணக்கும் தப்பாது, நினைத்தபோது நீக்கவும் முடியும்.

கட்டும்போது பதிப்பு எண்ணின் வாலைக் கவனியுங்கள். பலர் ‘பிளஸ் லோக்கல்1’ என்று சேர்ப்பார்கள். டெபியன் 12இன் பாதுகாப்புத் திருத்தம் ‘பிளஸ் டெப்12யூ1’ என்பது போல வரும். ஆங்கில எழுத்து வரிசையில் டி முன்னால், எல் பின்னால். ஆகவே உங்களுடையதே புதிது என்று நினைத்து ஆப்ட் அந்தத் திருத்தத்தை ஏற்றாமல் விட்டுவிடும். ‘பிளஸ் காலேஜ்1’ என்று போடுங்கள். சி எழுத்து டி-க்கு முன்னால் இருப்பதால் திருத்தம் வந்ததும் உங்களுடையது தானாக விலகிக்கொள்ளும்.

4. பைத்தானுக்கு ஏதாவது வேண்டுமென்றால் தனிச் சூழலில், அதாவது வென்வில், போடுங்கள். டெபியன் 12 முதல், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் தானே நின்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டும் வழியை இணையத்தில் தேடாதீர்கள்.

5. பெரிய அப்கிரேடுக்கு முன்னால் செய்தித்தாளில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். பாதியில் கரண்ட் போனால் சில பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொலைவிலிருந்து செய்வதானால், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காத டிமக்ஸுக்குள் இருந்தே செய்யுங்கள். பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

6. ஆப்ட் கேட்டதும் ஒய் தட்டுவதற்கு முன் ‘நீக்கப்படுபவை’ பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர் பாப்-ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். டெஸ்க்டாப்பையே நீக்கப்போகிறேன் என்று ஆப்ட் பட்டியலிட்டு, ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்ற முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது.

7. டெபியன் 11இலிருந்து 13க்குத் தாவ வழியில்லை. 12 வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வெளியீட்டுக் குறிப்பு இருக்கிறது, அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 2021இல் டெபியன் 11 வந்தபோது பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் அமைப்பே மாறியது. குறிப்பைப் படிக்காமல் பழைய வரியில் வெளியீட்டுப் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு அந்த வரி வேலை செய்யவில்லை.

8. புதிது வந்த அன்றே லேப் முழுக்க ஏற்றாதீர்கள். 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். அதைத் தூண்டிவிடும் வரி, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. கட்டுவதற்கென்று வெளியிட்ட டார் கோப்பில்தான் இருந்தது. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அது வந்துவிட்டது, ஸ்டேபிளை எட்டவில்லை. லேப்பில் ஒரு மெஷினைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். அதில் ஏற்றி, மாணவர்கள் ஒரு வாரம் சி நிரலும் டேட்டாபேஸ் பயிற்சியும் செய்து பார்க்கட்டும். பிறகு ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஒரு சர்வரில் வைத்துவிட்டால் எல்லா மெஷின்களுக்கும் ஒருமுறை இறக்கினால் போதும், கல்லூரி இணைப்பும் திணறாது.