பயணத்திற்கும் ஒரு பரிகாரம்

பரிகாரம் என்னும் சொல் மெய்யன்பர்களுக்குப் புதியதன்று. செய்த பிழையை உணர்ந்து அதனை ஈடுசெய்ய முற்படுவதே பரிகாரம். இன்று உலகெங்கும் பயணத்திற்கும் ஒரு பரிகாரம் பேசப்படுகிறது. நம் வண்டி வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக மரம் நடுவது, அல்லது காட்டைக் காப்போருக்குப் பணம் செலுத்துவது. புர்சா மலேசியா 2022 டிசம்பரில் இதற்கென ஒரு சந்தையையே தொடங்கியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். ஆயினும் எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. செரம்பானிலிருந்து பத்துமலைக்குப் போய்வர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒரு காருக்கு 12 லிட்டர் என்றால், 27 கிலோவுக்கு மேல் வாயு. 40 பேர் செல்லும் பேருந்து 50 லிட்டர் டீசல் எரித்தாலும், தலைக்கு மூன்றரைக் கிலோ அளவுதான். சென்னைக்கு விமானத்தில் போய்வந்தால் ஒருவருக்கு 300 கிலோவுக்குக் குறையாது.

இதை மரம் ஈடுசெய்யுமா? நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ அளவில் உட்கொள்ளும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நேற்று நட்ட கன்றுக்கு அது பொருந்தாது. தோட்டத்தில் வளர்ந்த நாம் இதை அறிவோம். பால்மரத்தை 25, 30 ஆண்டுகளில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரத்தை எரித்தால், அத்தனை ஆண்டுகள் சேர்த்த கரியும் புகையாய்த் திரும்பிவிடும். மேசை நாற்காலியாக்கினால் இன்னும் சில காலம் தங்கும். ஆகவே நட்டது கணக்கன்று, நின்றதே கணக்கு.

இப்பாடத்தை நான் பட்டே கற்றேன். ஒரு தைப்பூசத்திற்குப் பின் எங்கள் செயற்குழு நன்கொடையாளர்கள் பெயரால் 60 கன்றுகள் நட்டது. படம் எடுத்தோம், பெயர்ப்பலகை வைத்தோம். யார் நீர் ஊற்றுவது என்பதை மட்டும் வகுக்கவில்லை. அப்பொறுப்பு என்னுடையது. மறு தைப்பூசத்தில் எண்ணிப் பார்த்தேன். பலகைகள் 60 இருந்தன, கன்றுகள் 17. காலஞ்சென்ற தம் கணவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே லாலான் புல்லைப் பார்த்தபடி ஒரு மூதாட்டி நின்றார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மரம் நட்டாயிற்றே என்ற நிறைவில், அவ்வாண்டு காரில் வந்தவர்களும் கூடியிருந்தார்கள்.

எனவே அன்பர்கள் மூன்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, குறைக்கக் கூடியதைக் குறைப்போம். பத்துமலைக்கு மின்சார ரயில் 2010இல் வந்தது. இன்று செரம்பானில் ஏறினால் மாறாமலே அங்கு இறங்கலாம். ரயில் வசதியில்லாத தோட்டத்தார் ஒரே பேருந்தில் சேர்ந்து செல்லலாம்.

இரண்டாவது, தவிர்க்க இயலாத பயணத்திற்கே மரம். ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் ஐந்தாண்டுகள் பொறுப்பேற்க வேண்டும்.

மூன்றாவது, ஆலயத்தின் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் மட்டுமே நடுவோம். தோட்டம் கைமாறினால் கோயிலுக்கே இடமில்லாமற் போவதைக் கண்டவர்கள் நாம்; மரத்துக்கு யார் இடம் தருவார்?

மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்திற்குத் தில்லை, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா என நம் முன்னோர் தல விருட்சத்தை வழிபட்டனர். அவர்கள் நட்டதோடு நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். காப்பதே பரிகாரம். எஞ்சிய 17 கன்றுகளுக்கும் இப்போது நாள்தோறும் நீர் வார்க்கப்படுகிறது. பார்க்க வாருங்கள், கூடுமானால் பேருந்தில் வாருங்கள்.