நொறுங்கிய மூக்கு

அன்பு மகளுக்கு,

2022 அக்டோபர் 6 அன்று குஜராத்தில் எருமைக் கூட்டத்தில் மோதிய வந்தே பாரத் ரயிலின் படத்தை அனுப்பி, "இவ்வளவு செலவழித்துச் செய்த வண்டிக்குப் பிளாஸ்டிக் மூக்கா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த மூக்குக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பார். காற்று வழுக்கிக்கொண்டு போக வழிசெய்ய வேண்டும். வண்டியோடு வண்டியை இணைக்கும், உள்ளே இருக்கும் கப்ளரை மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான். மோதலைத் தாங்கும் பொறுப்பு பின்னால் இருக்கும் எஃகுச் சட்டத்துடையது. அன்று மூக்கு நொறுங்கியது. வண்டி காந்திநகர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் புது மூக்கோடு கிளம்பியது. கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த உறுப்பு உடைந்ததை வண்டியின் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். ரயில் பெட்டியில் ஒரு பொருள் தகுமா தகாதா என்பதை அது எந்த உறுப்பில், எந்த வேலைக்கு இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் என்பதும் பாதி உண்மைதான். கண்ணாடியிழையையும் பிசினையும் சேர்த்துச் செய்த கூட்டுப்பொருள் அது. நம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுக்கு நெருங்கிய உறவு. இதைக் கையால் செய்யும் முறை எளியது. அச்சுக்குள் மெழுகு தடவி, வழவழப்பான மேல்பூச்சை அடித்து, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, பிசினைப் பிரஷால் ஊட்டுவார்கள். பிறகு ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளுவார்கள். ஒரு குமிழி உள்ளே தங்கிவிட்டால் பின்னாளில் விரிசல் அங்கிருந்து கிளம்பலாம். பல பக்கமும் வளைந்த ஒரு மூக்கை எஃகுத் தகட்டில் அடித்தெடுப்பது பெரும்பாடு. அச்சிலிருந்து இது முழு வடிவமாகக் கழன்று வந்துவிடும். எடையும் குறைவு: ஒரு கனமீட்டர் எஃகு 7,850 கிலோ என்றால் இது 2,000 கிலோகூட இருக்காது. ஆனால் விறைப்பில் எஃகின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலையில் உருவான வந்தே பாரத் வண்டியின் உடற்கூட்டைத் துருப்பிடிக்காத எஃகில் கட்டி, மூக்கை மட்டும் இதில் செய்ததில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. இது மலிவுக்காகப் புதிதாகக் கண்ட வழியும் அல்ல. 1976-இல் ஓடத் தொடங்கிய பிரிட்டனின் இன்டர்சிட்டி 125 வண்டிக்கு ஓட்டுநர் அறையே கண்ணாடியிழையில் செய்ததுதான்; அந்த வண்டிகள் நாற்பது ஆண்டுக்கு மேல் ஓடின.

எடை குறைந்தால் எல்லா ரயிலுக்கும் ஒரே அளவு லாபம் என்றும் நினைத்துவிடாதே. சீரான அதிவேகத்தில் ஓடும் வண்டிக்குக் காற்றுதான் பெரிய எதிரி. நின்று நின்று கிளம்பும் மெட்ரோவுக்கோ ஒவ்வொரு நிலையத்திலும் தன் எடை முழுவதையும் மறுபடி வேகமெடுக்க வைக்க வேண்டியிருக்கிறது. சீனாவின் சிங்டாவ் நகரில் 2024-இல் கார்பன் இழை மெட்ரோ ரயிலை அறிமுகப்படுத்தியவர்கள், மொத்த எடை 11 சதவீதமும் மின்செலவு 7 சதவீதமும் குறைவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானில் கவாசாகி நிறுவனம் செய்த போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு. வழக்கமான போகியில் பக்கச் சட்டமும் சுருள்வில்லும் தனித்தனி. அவர்களோ லாரிக்கு அடியில் வளைந்து கிடக்குமே பட்டை, அதுபோல ஒன்றைக் கார்பன் இழையில் செய்து, இரண்டின் வேலையையும் அந்த ஒன்றிடமே ஒப்படைத்துவிட்டார்கள். சட்டத்தின் எடை சுமார் 40 சதவீதம் குறைந்தது. பட்டை வளைந்துகொடுப்பதால் சக்கரங்கள் தண்டவாளத்தை இன்னும் சீராக அழுத்துகின்றன. 2014-இல் இந்த போகி குமாமோட்டோவில் பயணிகளோடு ஓடத் தொடங்கியது. இழை எந்தத் திசையில் வலு தருமோ அந்தத் திசையிலேயே அதற்கு வேலை வைத்த அழகை அங்கே பார்க்கலாம்.

"தீப்பிடித்தால்?" என்று நீ கேட்பாய், கேட்கத்தான் வேண்டும். 2003-இல் தென்கொரியாவின் டேகு சுரங்க ரயிலில் ஒருவர் வைத்த தீயில் 192 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் இருந்த சுவர்ப்பலகையும் இருக்கையும் எரிந்து நச்சுப்புகையைக் கக்கின. அந்தச் சுவர்ப்பலகைகளும் கண்ணாடியிழைக் கூட்டுப்பொருள்தான். கண்ணாடி எரியாது, பிசின் எரியும். அதனால் இன்று குறைவாகப் புகையும் ஃபீனாலிக் பிசினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அல்லது பிசினோடு அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியைக் கலக்கிறார்கள். சுமார் 200 டிகிரி செல்சியஸில் அந்தப் பொடி சிதைந்து நீராவியை விட்டு, சூட்டைத் தணிக்கும். ஐரோப்பாவின் இஎன் 45545 தரவிதி வெப்பம், புகை, நச்சு மூன்றையும் அளந்து பார்க்கிறது. ஆக, ஃபைபர் என்ற ஒரு சொல்லை நம்பி எந்தப் பலகையையும் பயணியின் தலைமாட்டில் மாட்டக்கூடாது. எந்தப் பிசின், எந்தச் சோதனை என்று கேட்டாக வேண்டும்.

இன்னொரு குறைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆயுள் முடிந்த எஃகுப் பெட்டியை வெட்டி உருக்கினால் மறுபடி எஃகாகிவிடும். இறுகிவிட்ட இந்தப் பிசினை உருக்க முடியாது. அரைத்து நிரப்புப் பொருளாக்கலாம், சிமென்ட் உலையில் போட்டு எரிக்கலாம். அந்த மூக்கு இன்னொரு மூக்காகாது.

அன்புடன்,
அம்மா